"பையன் நல்லவன்தான், தம்பி"



ஐந்து மாதங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமைக் காலை. அலுவலகம் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஓர் அம்மா வாசலில் நின்றார். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தவர். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. கணவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. நம் இதழின் நெடுநாள் வாசகி. "லெட்டர்ல எழுதினா வெளங்காது தம்பி, அதான் நேர்லயே வந்துட்டேன்" என்றவர், உட்காரும் முன்பே பையிலிருந்த காகிதங்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். தேதிவாரியாக அடுக்கி, மூலையில் குண்டூசி குத்தி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டிருந்தார்.

நடந்தது இதுதான். வங்கியில் போட்டிருந்த 12 லட்ச ரூபாய் எஃப்.டி. முதிர்ந்தது. புதுப்பிக்கப் போனவரிடம், அங்கே ரிலேஷன்ஷிப் மேனேஜராக இருக்கும் இளைஞர், "வட்டி இறங்கிக்கிட்டே போகுதும்மா. ஒரு மூணு லட்சத்தை மட்டும் எடுத்து இதுல போடுவோம், பாதுகாப்பா ரெண்டு மடங்காகும்" என்றிருக்கிறார். டீச்சரும் சம்மதித்தார். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒரு போன் வரும், கேட்பதற்கெல்லாம் 'ஆமா' என்று சொல்லிவிடுங்கள் என்று பையன் சொல்லிவைத்திருந்தார். போன் வந்தது, ஆமா, ஆமா என்று சொன்னார். பதினோராவது மாதம் செல்போனுக்கு ஒரு செய்தி: இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் 3 லட்சம் கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது. அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது, அது ஒருமுறை போடும் பணம் இல்லை, ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசி என்று.

பத்து ஆண்டுக்கு 30 லட்சம். அவருடைய பென்ஷனைச் சொன்னால் நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள்: மாதம் 28 ஆயிரம். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் 9 லட்சம் என்றிருந்தது. அந்த எழுத்து டீச்சருடையது இல்லை. பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிவிடலாம், பணம் சிறு கழிவோடு வந்துவிடும் என்று ஒரு விதி இருக்கிறது. ஃப்ரீ லுக் என்பார்கள். ஆனால் பாலிசி அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போயிருந்தது. அந்த மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுத்ததே அந்தப் பையன்தான். அதை எப்படித் திறப்பது என்றுகூட டீச்சருக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டீச்சருக்கு வரவில்லை. "பையன் நல்லவன்தான், தம்பி. முழங்கால் வலிக்குதுன்னு சொன்னா மாத்திரை வாங்கிட்டு வந்து வீட்டுல குடுப்பான். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோட வந்து கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போனான்" என்றார்.

இந்த ஐந்து மாதமாக அந்தச் சொற்கள்தான் என்னோடு இருக்கின்றன. இந்த மாதப் பக்கத்தை அதற்காகவே ஒதுக்குகிறேன்.

அந்த இளைஞர் நல்லவராகவே இருக்கட்டும். மாத்திரை வாங்கி வந்ததும் உண்மையான அன்பாகவே இருக்கட்டும். நம் பணத்துக்கு வழி சொல்ல வருபவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அந்த நல்ல குணத்துக்கு மேலே இன்னொன்று. நம் நலனும் அவர் வருமானமும் எதிரெதிரே நிற்கும் ஒரு நேரம் கட்டாயம் வரும். அப்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார்? அவர் நிற்கும் இடத்தை நம்மிடம் வாய்விட்டுச் சொல்வாரா? என் கேள்விகள் இந்த இரண்டும்தான்.

அதே 3 லட்சத்தை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டு சேமிப்பு பாலிசியில் போட்டால், விற்றவருக்கு முதல் ஆண்டுப் பிரீமியத்தில் பெரிய பங்கு போகும். நீண்டகால பாலிசிகளுக்கு முதலாண்டில் 35 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கலாம் என்று சட்டமே பல பத்தாண்டுகள் இடம் தந்திருந்தது. 2023-இல் அந்தத் தனித்தனி உச்சவரம்புகளை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவு வரம்புக்குள் கமிஷனை அடக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்; இன்று அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதே பணத்தை மியூச்சுவல் ஃபண்டில், விநியோகஸ்தர் வழியாகப் போட்டால், அவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரம் ரூபாய். தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? ஒன்றுமே இல்லை. அந்தத் திட்டத்துக்கும் பி.பி.எஃப்.-க்கும் ஏஜென்ட் கமிஷன் 2011-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

டீச்சர் வயதுக்கும் நிலைமைக்கும் பொருத்தமாக முதலில் பேசப்பட்டிருக்க வேண்டியது அந்த மூன்றாவது இடம்தான். 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது, வட்டி 8.2 சதவீதமானது. அந்த வட்டியில் 12 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் கணக்கில் வந்து விழும். அரசு வாங்கும் கடன் அது. பாதுகாப்பைப் பற்றிய கவலை இல்லை. வங்கிகளிலும் அந்தக் கணக்கைத் தொடங்கலாம். டீச்சர் உட்கார்ந்திருந்த அதே வங்கிக் கிளையிலேயே கேட்டுப் பார்த்திருக்கலாம். "அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலையே தம்பி" என்றார். சொல்பவருக்குக் கூலி இல்லாத யோசனை நம் காதுக்கு வந்து சேர்வது அரிதாகத்தான் இருக்கிறது.

அதனால்தான், நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது: அவருக்கு ஒரு பைசாகூட வராத யோசனை ஒன்றை உங்களிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? "தனிநபர் கடன் 14 சதவீதத்தில் ஓடுதே, எஸ்.ஐ.பி. அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அதை அடைங்க" என்று சொல்லியிருக்கிறாரா? "நகைக்கடன் வட்டி ஏறிக்கிட்டு இருக்கு, போனஸ் வந்ததும் நகையை மீட்டுடுங்க" என்றாரா? "உங்களுக்கு இப்ப புதுசா எதுவும் வேண்டாம், இருக்கறதே போதும்" என்று வெறுங்கையோடு எழுந்து போயிருக்கிறாரா? போயிருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கமிஷன் வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஈரோட்டிலும் விருதுநகரிலும் காரைக்குடியிலும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், டேர்ம் இன்ஷூரன்ஸ் என்றால் என்ன, ஹெல்த் பாலிசி ஏன் வேண்டும் என்று பொறுமையாக விளக்கும் ஏஜென்ட்கள் இல்லையென்றால் பல குடும்பங்கள் இன்றும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் இருந்திருக்கும். அவர்கள் பெட்ரோலுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் கமிஷன்தான் வழி. அதை மறைக்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. நம் ஊர்களில் அதை மறைக்க வேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருப்பதில்லை. நாமே கேட்பதில்லையே!

என் அப்பா இறந்தபோது அலமாரியில் ஏழு பாலிசிகள் இருந்தன. ஏழும் சேர்ந்து காப்பீட்டுத் தொகை மூன்றரை லட்சம். அப்பா ஒருவர் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட்ட வீட்டில் அது எத்தனை மாதத்துக்குக் காணும்? ஒவ்வொரு பாலிசிக்கும் பின்னால் ஓர் உறவு இருந்தது. ஒன்று சித்தப்பாவின் மைத்துனர், ஒன்று அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன், ஒன்று எதிர்வீட்டு மாமா. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களிடம் மறுக்க முடியாமல் எடுத்தவை அவை. "இதில் உங்களுக்கு என்ன வரும்?" என்று எதிர்வீட்டு மாமாவிடம் அப்பா எப்படிக் கேட்டிருப்பார்? கேட்டால் மரியாதைக் குறைவு. அந்தக் கூச்சத்தின் விலையை அம்மா பல வருடம் கட்டினார்.

நேர்மையான ஆலோசகர் அந்தக் கூச்சத்தை நம்மிடமிருந்து எடுத்துவிடுவார். நாம் கேட்கும் முன்பே, "இதை நீங்க வாங்கினா எனக்கு இவ்வளவு வரும். இதுக்குப் பதிலா அதை வாங்கினா ஒண்ணும் வராது. ரெண்டையும் சொல்லிட்டேன், யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். இப்படிப் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. 2009 ஆகஸ்டுக்கு முன்பு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் நூறு ரூபாய் போட்டால் இரண்டே கால் ரூபாய் வாசலிலேயே போய்விடும். என்ட்ரி லோடு என்ற அந்தக் கழிவை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நீக்கியது. 2013 ஜனவரியிலிருந்து, இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக முதலீடு செய்ய டைரக்ட் பிளான்கள் வந்தன. அதே 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளும் வந்தன. 2018-இல் முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதை நிறுத்தினார்கள். 2020-இல் செய்த திருத்தம்தான் என் கணக்கில் முக்கியமானது: ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குபவர், அதே குடும்பத்துக்குப் பொருளை விற்றுக் கமிஷனும் வாங்கக் கூடாது. செபியில் ஆலோசகராகப் பதிவு செய்யாமல் விநியோகம் மட்டும் செய்பவர், 'சுயேச்சை நிதி ஆலோசகர்' என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளவும் கூடாது.

உங்களிடம் பேச வந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சிறிய வழி இருக்கிறது. அவருடைய பதிவெண்ணைக் கேளுங்கள். 'ஐ.என்.ஏ.' என்ற எழுத்துகளில் தொடங்கினால் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். உங்களிடம் கட்டணம் வாங்குபவர், உங்களுக்குக் கட்டுப்பட்டவர். 'ஏ.ஆர்.என்.' என்றால் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவருக்கு நிறுவனம் பணம் தருகிறது. செபியின் இணையதளத்தில் போய் அந்த ஐ.என்.ஏ. எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எண் எதுவும் இல்லாமல், டெலிகிராம் குழுவில் 'ஷ்யூர் ஷாட்' என்று நாள் தவறாமல் பங்குப் பெயர் போடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரு கணக்கு போதும். 2022-லிருந்து 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம்பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செபியின் ஆய்வே சொன்ன கணக்கு இது.

எண் இருப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். செபி விதிப்படியே, உங்களால் எவ்வளவு ரிஸ்க் தாங்க முடியும் என்பதை அளந்து எழுதிவைத்த பிறகுதான் அவர் யோசனை சொல்ல வேண்டும். அந்த யோசனை ஏன் உங்களுக்குப் பொருந்தும் என்ற காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் படிவத்தை நிரப்புவது வேறு, ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்வது வேறு. நல்லவர் முதல் நாள் எந்தத் திட்டத்தின் பெயரையும் எடுக்க மாட்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கைமாத்து இன்னும் பாக்கியா, அப்பாவின் மருந்துச் செலவு யார் பார்க்கிறார்கள், மாதச் சீட்டு எத்தனை கட்டுகிறீர்கள், ஊர் நிலத்தில் யார் யாருக்குப் பங்கு, ஆறு மாதம் வேலை இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேட்பார். மனைவியையும் உட்கார வைத்துக் கேட்பார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் போட்டுவைத்த பணம்கூட அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். நாமும் அவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு கடனை மறைத்துவிட்டு, 'எனக்கு நல்ல ஃபண்டு சொல்லுங்க' என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

பணத்தை அவர் தொடக் கூடாது. காசோலையோ மின்பரிமாற்றமோ, எல்லாம் ஃபண்டு நிறுவனத்தின், காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கே நேராகப் போக வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, ஓ.டி.பி., கடவுச்சொல் எதையும் அவர் கேட்கக் கூடாது. சந்தை சார்ந்த எதிலும் இவ்வளவு வரும் என்று உறுதி சொல்லக் கூடாது. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுந்தது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பெருந்துறையில் ஈமு பண்ணைகள் 2012-இல் கவிழ்ந்ததையும், திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி மக்களின் பணத்தைத் திரட்டியதையும், ஆருத்ரா நிதி நிறுவன விவகாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் சுமார் 2,438 கோடி ரூபாய் சிக்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மாதாமாதம் உறுதியாக இவ்வளவு என்ற வாக்கைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அக்கம்பக்கத்தினரும் சொந்தக்காரர்களும்தான். அவர்களில் பலர் தங்கள் பணத்தையும் அதிலேயே போட்டு இழந்தவர்கள்.

ஆனால் டீச்சருக்கு நடந்தது இந்த வகை இல்லை. அங்கே இருந்தது முறையான வங்கி, முறையான காப்பீட்டு நிறுவனம், முறையான ரசீது. பெரிய கட்டடமும் ஏசியும் இருந்தால் பயமில்லை என்று நாம் நம்புகிறோம். யெஸ் பேங்கின் ஏ.டி.1 பத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கி நெருக்கடியில் விழுந்தால் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிடலாம் என்ற நிபந்தனையோடு வரும் பத்திரங்கள் அவை. அந்த ரிஸ்க்கைத் தாங்கக்கூடிய பெரிய நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றை வங்கியின் ஊழியர்களே 1,300-க்கும் மேற்பட்ட தனிநபர்களிடம் கொண்டுசேர்த்தார்கள் என்றும், 'சூப்பர் எஃப்.டி.' போலக் காட்டி ரிஸ்க்கை விளக்காமல் விற்றார்கள் என்றும், சிலர் தங்கள் எஃப்.டி.யை முறித்தே வாங்கினார்கள் என்றும் செபி 2021 ஏப்ரல் ஆணையில் பதிவு செய்து 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 மார்ச்சில், 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் மதிப்பில்லாமல் ஆக்கப்பட்டிருந்தன. அபராதத்தை எதிர்த்து வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. பத்திரங்களை ரத்து செய்தது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எஃப்.டி.யைப் போன்றதுதான் என்று யாராவது சொன்னால், எஃப்.டி.க்கு இருப்பதுபோல 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இதற்கு உண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பேச்சு நின்றுவிடும்.

அதே 2020 மார்ச்சில் எனக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 23-ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதம் விழுந்து 25,981-இல் நின்றது. சாயங்காலம் என் ஆலோசகரிடமிருந்து போன். நான் அழைக்கவில்லை, அவராகவே அழைத்தார். "பயமா இருக்கா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். "எனக்கும் இருக்கு. இது இன்னும் எவ்வளவு விழும்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "பொண்ணோட காலேஜ் ஃபீஸ் தனியா வெச்சிருக்கோம், அது இதுல இல்ல. இந்தப் பணம் உங்களுக்கு 2031-லதானே வேணும்?" என்று கேட்டார். நாலு நிமிடப் பேச்சு. அன்று விற்றிருந்தால் இழப்பு உறுதியாகியிருக்கும். அந்த ஆண்டு முடியும்போது சென்செக்ஸ் 47 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மீண்டு வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். அவருக்கு நான் கொடுக்கும் ஆண்டுக் கட்டணம் அந்த நாலு நிமிடத்துக்கே தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கட்டணம் என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்குகிறது. யோசனைக்குப் பத்தாயிரம் ரூபாயா என்கிறார்கள். விநியோகஸ்தர் வழியாக 10 லட்சம் முதலீடு வைத்திருப்பவர், ஒரு சதவீதக் கமிஷன் என்று கொண்டால், வருடம் பத்தாயிரம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கையிலிருந்து எடுத்துக் கொடுக்காததால் கண்ணில் படுவதில்லை. மாதம் பத்தாயிரம் எஸ்.ஐ.பி., இருபது வருடம்: 12 சதவீதம் வளர்ந்தால் கிட்டத்தட்ட 99.9 லட்சம், 11 சதவீதம் என்றால் 87.4 லட்சம். அந்த ஒரு சதவீதம் பன்னிரண்டரை லட்சமாக ஆகிவிடுகிறது. மார்ச் 23 மாதிரியான நாளில் நம்மைப் பிடித்து நிறுத்தும் விநியோகஸ்தருக்கு அதைக் கொடுத்தாலும் தகும். புத்தாண்டுக்கு டைரி கொடுப்பதோடு சரி என்பவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் சுமார் ஆயிரம் பேர்தான். விநியோகஸ்தர்கள் லட்சத்தைத் தாண்டுவார்கள். கட்டணம் கொடுக்க நமக்கு மனம் வராததும் இதற்கு ஒரு காரணம். கும்பகோணத்தில் ஐ.என்.ஏ. எண் உள்ளவரைத் தேடி டீச்சர் எங்கே போவார்? இணையத்தின் வழியே பேசலாம் என்கிறோம். மின்னஞ்சலைத் திறக்கத் தெரியாதவருக்கு அது எப்படி உதவும்? பிரிட்டன் 2012 இறுதியோடு முதலீட்டு ஆலோசனையில் கமிஷனை நிறுத்தியபோதும் சிறு சேமிப்பாளர்களுக்கு ஆலோசகர் கிடைப்பதில்லை என்ற குறை எழுந்தது. கட்டணம் வாங்குபவர் எல்லோரும் நேர்மையானவர் என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் வங்கி, நிதித் துறை பற்றி 2018-இல் நடந்த ஹெய்ன் ஆணைய விசாரணையில், எந்தச் சேவையும் செய்யாமல் கட்டணம் வசூலித்ததும், இறந்துபோன வாடிக்கையாளர்களிடமிருந்துகூட எடுத்ததும் வெளியே வந்தது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறாரா, தவறிப்போன யோசனையைத் தாமாக ஒப்புக்கொள்கிறாரா என்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது முறையாகாது. இந்த இதழ் ஃபண்டு நிறுவனங்களிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் விளம்பரம் பெறுகிறது. நம் பக்கங்களில் எழுதுபவர்களில் சிலர் விநியோகஸ்தர்கள். டீச்சர் வந்துபோன அந்த வாரமே ஆசிரியர் குழுவில் இதைப் பேசினோம். இந்த இதழிலிருந்து, முதலீடு பற்றி எழுதும் ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழேயும் அவர் பதிவு பெற்ற ஆலோசகரா, விநியோகஸ்தரா, கட்டுரையில் பேசப்படும் திட்டத்தால் அவருக்கு வருமானம் உண்டா என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எங்காவது விடுபட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

டீச்சரிடமிருந்து நேற்று போன் வந்தது. நேரில் வந்த அன்றைக்கே எங்கள் அலுவலக மேசையில் உட்கார்ந்து, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகாரை அவர் கைப்பட எழுதினார். வருமானம் தவறாக எழுதப்பட்டது, மின்னஞ்சல் விஷயம், முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த 'ஆமா' எல்லாவற்றையும் எண் போட்டு எழுதினார். சரியான பதில் வராததால், விதிப்படி 30 நாள் பொறுத்துவிட்டு, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பினோம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். இழப்பீடு 50 லட்சம் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். அது கைகூடாவிட்டாலும், 2024 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு முழு ஆண்டுப் பிரீமியம் கட்டியவருக்கும் முதல் ஆண்டு முடிந்த பிறகு ஓரளவு சரண்டர் தொகை உண்டு. முன்பெல்லாம் அதுவும் இருக்காது. மீதியிருந்த 9 லட்சத்தை எஃப்.டி.யிலிருந்து எடுத்து, அவரே போய் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் விசாரணை. அதைச் சொல்லத்தான் அழைத்திருந்தார். தேதியைக் குறித்துக்கொண்டேன். "அந்தப் பையனையும் வரச் சொல்லுவாங்களா தம்பி?" என்று கேட்டார். நிறுவனத்தின் சார்பில் யாராவது ஒருவர் வருவார், அவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அவனுக்கு இப்பதான் கொழந்த பொறந்திருக்கு. புகார்ல கிளை மேல, கம்பெனி மேல எல்லாம் எழுதியிருக்கேன், அவன் பேரை மட்டும் போடலை. பரவாயில்லல்ல?"

அன்புடன்,
ஆசிரியர்